சைக்கிள் வாடகை கொடுத்த கோச்: இந்தியக் கால்பந்தை மாற்றிய ரஹீம் யார்?

1960 ஆகஸ்ட் 26. இத்தாலியின் லாக்விலா நகரம். ஏற்காடு அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சேர்வராயன் மலை எப்படிக் கண் முன்னால் நிற்குமோ, அப்படித்தான் அந்த ஊரைச் சுற்றி அபென்னைன் மலைகள் நிற்கின்றன. ரோம் ஒலிம்பிக்கின் கால்பந்துப் போட்டி ஒன்று அங்கே நடக்கிறது. ஒருபக்கம் ஹங்கேரி, இன்னொருபக்கம் இந்தியா.

ஆமா, இந்தியாதான். ஒலிம்பிக் கால்பந்தில், ஐரோப்பாவின் பெரிய அணிகளில் ஒன்றுக்கு எதிராக. ஹங்கேரி 2-1 என்று ஜெயித்தது. ஆனால் ஸ்கோரைக் கொஞ்சம் கவனிங்க: ஒரே ஒரு கோல் வித்தியாசம். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற இடத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சில வருடங்களுக்கு முன்புவரை, பயிற்சிக்குப் போய்வரக் காசில்லாமல் இருந்த பையன்.

அந்தப் பையனுக்கு வாடகை சைக்கிள் எடுக்கக் காசு கொடுத்து மைதானத்துக்கு வரவழைத்தவர்தான் லாக்விலாவில் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். பெயர் சையது அப்துல் ரஹீம். எல்லோருக்கும் ரஹீம் சாப்.

2024-ல் வெளியான, அஜய் தேவ்கன் நடித்த மைதான் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். படம் பார்க்காதவர்களுக்கும், பார்த்தபின் நிஜத்தில் என்ன நடந்தது என்று யோசித்தவர்களுக்கும் இதோ அவரது வாழ்க்கை.

வாத்தியாராகத் தொடங்கியவர்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17-ல், நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத்தில். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். அங்கேயே கால்பந்தும் ஆடினார். ஆனால் பிழைப்புக்கு அவர் எடுத்தது ஆசிரியர் வேலை. காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி என்று ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமா முடித்து, பள்ளி விளையாட்டுகளையும் பொறுப்பேற்றுக்கொண்டார்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் அவரது பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. ரஹீம் கடைசிவரை ஒரு வாத்தியார் மாதிரியேதான் கால்பந்தை அணுகினார். பையனுக்கு எது வரவில்லை என்று பார்ப்பார். அதற்குத் தனியாக ஒரு பயிற்சி உருவாக்குவார்.

1943 வாக்கில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் நம்ம ஊர் ஆட்டம் என்றால் டிரிப்ளிங்தான். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடுவதுதான் ஹீரோயிசம். ரஹீம் அதற்கு நேர்மாறாக யோசித்தார். டிரிப்ளிங்கே செய்யக்கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் பாஸ் பண்ணியாக வேண்டும். இன்னொரு வகைப் போட்டியில், பலவீனமான காலால் மட்டும்தான் ஆட வேண்டும். வலதுகால் பழக்கம் உள்ளவனுக்கு இடதுகால் மட்டும்.

முதலில் பசங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் இரண்டு காலும் வேலை செய்யும். தலையைத் தூக்கிச் சக வீரர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். இன்றைக்குப் பெரிய அகாடமிகளில் ஒன் டச், டூ டச் என்று பயிற்சி கொடுக்கிறார்களே, அதே லாஜிக்.

கோப்பைகளின் காலம்: ஒரு சின்ன விளக்கம்

ரஹீமின் சாதனை எவ்வளவு பெரியது என்று புரிய, அப்போது இந்தியக் கால்பந்து எப்படி இயங்கியது என்று தெரியணும்.

இத்தாலியை எடுத்துக்கோங்க. அங்கே இரண்டு தடங்கள். ஒன்று, சீரி ஆ லீக். 1929-30 சீசனிலிருந்து நாடு முழுவதற்குமான ஒரே லீக்காக நடக்கிறது. சீசன் முழுக்க எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதும். இன்னொன்று, கோப்பா இத்தாலியா. 1922-ல் தொடங்கிய நாக் அவுட் கோப்பை. தோற்றால் வெளியே. இப்போது சீரி ஆ, சீரி பி, சீரி சி என மூன்று அடுக்குகளிலிருந்து 44 கிளப்கள் இதில் ஆடுகின்றன.

லீக் யாருக்கு நீண்டகால பலம் இருக்கிறது என்று காட்டும். கோப்பை ஆச்சரியங்களுக்கு இடம் கொடுக்கும். முதல் கோப்பையை வென்றது வாடோ என்ற சின்ன கிளப். 1962-ல் நாப்போலி இரண்டாம் அடுக்கில் இருந்துகொண்டே கோப்பையைத் தூக்கியது. 2025-ல் போலோன்யா இறுதிப்போட்டியில் மிலானை 1-0 என்று வீழ்த்தி, 1974-க்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பையை வென்றது.

அந்தக் கால இந்தியாவில் இதில் பாதிதான் இருந்தது. கோப்பைகள் மட்டும். தேசிய லீக் வந்ததே 1996-ல்தான். அதுவரை ஒரு அணியின் கௌரவம் மூன்று பழைய நாக் அவுட் கோப்பைகளில் இருந்தது: 1888-ல் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட் கோப்பை, 1891-ல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை, 1893-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. ஷீல்டு.

டுராண்ட் கோப்பை ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. அது பிறந்த இடம் ஒரு மலை வாசஸ்தலம் என்பதைக் கவனிங்க. வெயிலுக்குப் பயந்து பிரிட்டிஷார் சிம்லா, ஊட்டி, ஏற்காடு என்று மலையேறிய காலம் அது. சிப்பாய்களுக்குப் பொழுதுபோகவும் உடம்பு கெடாமல் இருக்கவும் தொடங்கிய ஆட்டம். ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவ அணிகளே மாறிமாறி ஜெயித்தன. ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ், 1937-ல். டுராண்டை முதன்முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங், 1940-ல்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கோப்பைகள் யார் கைக்குப் போகும் என்றால், கல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரி பெரிய கிளப்களுக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்தக் கணக்கைத்தான் ஒரு போலீஸ் அணி கலைத்தது.

கான்ஸ்டபிள்கள் கட்டிய கோட்டை

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளராக ரஹீம் வந்தார். பெயரில் இருப்பதுபோலவே இது காவல்துறை அணி. நன்றாக ஆடினால் போலீஸில் வேலை. ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு அது மாதச் சம்பளம். வீட்டுக்கு ஒரு பாதுகாப்பு. அணிக்கும் லாபம்: வருடம் முழுக்க அதே வீரர்கள், அதே மைதானம், அதே கோச்.

அந்த வருடமே டுராண்ட் இறுதிப்போட்டியில் மோகன் பகானைச் சந்தித்தார்கள். 0-2 என்று பின்தங்கி, 2-2 என்று சமன் செய்து, மறுபோட்டியில் 1-0 என்று ஜெயித்தார்கள்.

ரோவர்ஸ் கோப்பையில் நடந்தது இதைவிடப் பெரிசு. 1950, 1951, 1952, 1953, 1954. தொடர்ந்து ஐந்து வருடம், ஐந்து கோப்பை. நாக் அவுட் போட்டியில் ஒரு மோசமான நாள் போதும், மொத்தமும் போச்சு. அப்படிப்பட்ட போட்டியில் ஐந்து வருடம் ஒரு அணி சறுக்கவே இல்லை. பிறகு 1957-லும் அந்தக் கோப்பை அவர்களிடம் வந்தது. மாநிலங்களுக்கு இடையேயான சந்தோஷ் டிராஃபியையும் ஹைதராபாத் 1956, 1957 என்று அடுத்தடுத்து வென்றது.

ஹெல்சிங்கி கொடுத்த அடி

இந்திய அணியின் பொறுப்பும் இதே காலத்தில் ரஹீமிடம் வந்தது. 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. இறுதிப்போட்டியில் மேவாலால் அடித்த கோலில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. சைலேன் மன்னா கேப்டன்.

அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கே யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று நொறுக்கியது. பாதிக்கு மேற்பட்ட நம் வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிர் ஒருபக்கம். உள்நாட்டில் 70 நிமிட ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு 90 நிமிடம் ஓட வேண்டிய கட்டாயம் இன்னொருபக்கம்.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு கோச்சை மாற்றுவது சுலபம். ரஹீம் தப்பினார். தோல்வியை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. வெறுங்கால் ஆட்டம் நம் பெருமை என்று நம்பிய காலத்தில், அந்தப் பெருமை உலக மேடையில் செல்லாது என்று ஏற்றுக்கொள்வது லேசான விஷயம் இல்லை.

அதோடு உலகம் எப்படி ஆடுகிறது என்பதையும் ரஹீம் கூர்ந்து படித்தார். 1953-ல் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியது. அவர்களின் சென்டர் ஃபார்வர்டு முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி வந்து ஆடுவார். அவரைத் துரத்திவரும் தடுப்பாட்டக்காரர் தன் இடத்தை விட்டுவிடுவார். அந்த ஓட்டைக்குள் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். இந்த ஐடியாவை ரஹீம் இந்திய அணிக்குள் கொண்டுவந்தார். 1958 உலகக்கோப்பையில் பிரேசில் 4-2-4 வடிவத்தைப் பிரபலமாக்குவதற்கு முன்பே, இந்தியா அந்த மாதிரியில் ஆடிப் பார்த்தது.

மெல்போர்ன்: பதக்கத்துக்கு ஒரு படி கீழே

பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. ஹங்கேரி விலகியதால் இந்தியா நேராகக் காலிறுதிக்குப் போனது. எதிரே போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. இந்தியா 4-2 என்று ஜெயித்தது. நெவில் டிசோஸா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது.

அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. இந்த முறை முதலில் கோல் அடித்தது இந்தியா. கடைசியில் 1-4 என்று தோற்றாலும், நாலு வருடத்துக்கு முன் 10-1 வாங்கிய அணிதானா இது என்று கேட்கும்படி இருந்தது. வெண்கலப் போட்டியில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி இந்தியா.

அந்த அணியில் பீட்டர் தங்கராஜ் என்ற உயரமான கோல்கீப்பர் இருந்தார். ஹைதராபாத்துக்காரர். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடியவர். 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது அந்த வெலிங்டன் அணிதான். தமிழ்நாட்டு மலையிலிருந்து ஒரு அணி இறங்கிப்போய் நாட்டின் பழைய கோப்பையை இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரோம், பிறகு ஒரு இருமல்

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா இருந்த குரூப்பில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. போட்டியை நடத்திய இத்தாலி அணியில் மிலானின் இளம் வீரர் ஜியானி ரிவேரா ஆடிக்கொண்டிருந்த அதே ஒலிம்பிக். ஹங்கேரியிடம் ஒரு கோலில் தோல்வி. அடுத்து பிரான்ஸோடு 1-1 டிரா, கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். பெருவிடம் 1-3 தோல்வி. குரூப்பிலேயே வெளியேறினாலும் யாரும் இந்தியாவைச் சுலபமாகத் தாண்டவில்லை. இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி.

ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீமும் அந்த அணிப் பட்டியலில் இருந்தார். ஆனால் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அணியைத் தேர்வு செய்யும்போது ரஹீம் அப்பாவாக இல்லை, கோச்சாகத்தான் இருந்தார்.

ரஹீமுக்குச் சிகரெட் பழக்கம் அதிகம். நாளாக நாளாக உடம்பு சொல்லத் தொடங்கியது. நுரையீரல் புற்றுநோய். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணியை அழைத்துப்போனபோது அவர் ஏற்கெனவே நோயாளி.

ஜகார்த்தா: ஒரு லட்சம் பேருக்கு எதிராக

அங்கே எல்லாமே தப்பாகத்தான் தொடங்கியது. முதல் போட்டியில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை, இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்தார். உள்ளூர் மக்களின் கோபம் இந்தியர்கள் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் இந்தியா என்றாலே கூச்சல்.

அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று ஜெயித்தார்கள். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் தூணாக நின்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று. தலையில் தையலோடு டிஃபென்ஸில் ஆட வைப்பது ரிஸ்க். உட்காரவைத்தால் அணிக்கு நஷ்டம்.

இங்கேதான் ரஹீமின் மூளை வேலை செய்தது. ஜர்னைலை முன்களத்துக்கு அனுப்பினார். தடுப்பவரை சென்டர் ஃபார்வர்டாக ஆக்கினார். பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். மற்ற இரண்டும் கேப்டன் சுனி கோஸ்வாமி அடித்தவை.

1962 செப்டம்பர் 4. இறுதிப்போட்டி. எதிரே முதல் போட்டியில் தோற்கடித்த அதே தென்கொரியா. அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராக. காய்ச்சலால் முந்தைய போட்டிகளைத் தவறவிட்ட தங்கராஜை ரஹீம் கோலுக்குள் நிறுத்தினார். அதுவும் பெரிய சூதாட்டம்தான்.

முந்தைய இரவு வீரர்களிடம் ரஹீம் தனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டார், அது தங்கப் பதக்கம்தான் என்பது அந்த அணியின் வீரர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த விஷயம்.

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல். மூன்றே நிமிடத்தில் இன்னொன்று. அடித்தவர் தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங். அதற்குப் பிறகு ஒரு லட்சம் பேரின் சத்தத்துக்கு நடுவே தாக்குப்பிடிக்கும் வேலை. கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்குமேல் விடவில்லை. 2-1. தங்கம்.

அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்.

தங்கராஜ், பலராம் மட்டுமல்ல, எத்திராஜ், அருமைநாயகம் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்களும் அந்த அணிப் பட்டியலில் இருந்தன.

ஒன்பது மாதம்

அந்தத் தங்கத்துக்குப் பிறகு ரஹீமுக்கு மிஞ்சியது ஒன்பது மாதம்தான். 1963 ஜூன் 11-ல் அவர் இறந்தார். வயது 53.

அவர் போனபின் என்ன ஆச்சு? உடனே எல்லாம் சரிந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதில் பலனளித்தது அவர் வளர்த்த தலைமுறை. அதற்குப் பிறகு சரிவு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் தங்கமே இல்லை. 2001-க்குப் பிறகு ரோவர்ஸ் கோப்பை நின்றுபோனது. ஒருகாலத்தில் இந்திய அணிக்கு வீரர்களை அனுப்பிக்கொண்டே இருந்த ஹைதராபாத், மெல்ல வரைபடத்திலிருந்து மங்கியது.

காரணம் என்ன என்று கேட்டால் ரஹீம் இறந்தது மட்டும் என்று சொல்ல முடியாது. இத்தாலி மாதிரி நாடுகளில் கோச் மாறினாலும் லீக் இருக்கும், கோப்பை இருக்கும், கிளப்பின் இளையோர் அணி இருக்கும். ஒரு ஆள் போனாலும் அமைப்பு நிற்கும். இங்கே ரஹீமே அமைப்பாக இருந்தார். பையனைக் கண்டுபிடிப்பது, சைக்கிளுக்குக் காசு கொடுப்பது, பலவீனமான காலைப் பழக்குவது, போலீஸ் அணியில் சேர்ப்பது, அங்கிருந்து ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போவது என எல்லாமே ஒரே ஆளின் தலைக்குள். அவரோடு அதுவும் போய்விட்டது.

ரஹீமுக்குப் பல வருடங்கள் பெரிதாக அங்கீகாரமும் இல்லை. ஒரு சினிமா வந்த பிறகுதான் புதிய தலைமுறை அவர் பெயரைத் தேடியது. அவர் கண்டெடுத்த பலராம் படம் வருவதற்கு முந்தைய வருடம், 2023 பிப்ரவரியில் காலமானார்.

சேலத்திலோ ஏற்காடு அடிவாரத்திலோ சாயங்காலம் ஒரு மைதானத்தைத் தாண்டிப்போகும்போது, பந்தைத் துரத்தும் பசங்களைக் கொஞ்சம் நின்று பாருங்க. இரண்டு காலாலும் பந்தைத் தட்டத் தெரிந்த ஒருவன் அங்கே இருக்கலாம். அவன் நாளைக்கும் மைதானத்துக்கு வர என்ன செலவாகும் என்பதுதான் கேள்வி. ரஹீம் காலத்தில் அது ஒரு சைக்கிள் வாடகை.